இருபத்தேழாவது நிமிடத்து ஆள்

அவர் தம் வாழ்நாளில் ஒரு கேமராவைக்கூடக் கையில் பிடித்து இயக்கியதில்லை. ஆனாலும் வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் அவரைக் கேமரா என்றே கூப்பிட்டார்கள். ஐந்து மாடி வணிக வளாகம் ஒன்றின் அடித்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்துக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து பதினாறு திரைகளில் வளாகம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பது அவர் உத்தியோகம். பதினெட்டு வருடமாகப் பார்க்கிறார். மூன்றாவது மாடிக்கு அவர் நேரில் போனது இரண்டே முறை. ஆனால் அங்கே எந்த டைல்ஸ் ஆடுகிறது என்பது அவருக்குத் தெரியும். அதில் கால் வைத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி திரும்பிப் பார்ப்பார்கள்.

அறையில் ஒரு பதிவேடு இருந்தது. அதன் முதல் பக்கத்தில், எப்போதோ ஓய்வு பெற்றுப்போன மேற்பார்வையாளர் ஒருவர் சிவப்பு மையில் எழுதிய விதி: 'பார்த்ததை எழுது. நினைத்ததை எழுதாதே.' சந்தேகப்படும்படி ஒருவர் நின்றார் என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழுப்புச் சட்டை போட்ட ஒருவர் பன்னிரண்டு நிமிடம் நின்றார் என்று எழுத வேண்டும். சந்தேகப்படுவது படிக்கிறவருடைய வேலை.

பகல் முழுவதும் திரை பார்த்தவர், வீட்டுக்கு வந்தும் திரைதான் பார்த்தார். கதைப் படங்கள் இல்லை, ஆவணப் படங்கள். அதிலும் பெரும்பாலும் துறைமுகம், கப்பல், படகு. மருந்துக் கடையில் நாளெல்லாம் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துவிட்டு வரும் அவர் மனைவி, வீட்டில் காலண்டரைக்கூடப் படிக்க மாட்டார். அவருக்கு இது விளங்கவில்லை.

"அங்க பதினாறு டிவி பார்த்துட்டு வர்றீங்க. பதினேழாவது எதுக்குங்க?"

"அங்க வந்தது வந்தபடி ஓடும். இங்க ஒருத்தர் உட்கார்ந்து, இது வேணும், இது வேண்டாம்னு எடுத்து வெச்சிருக்கார்."

"அப்ப அவர் பார்த்ததைத்தான் நீங்க பார்க்குறீங்க."

"ஆமா."

"சம்பளம் இல்லாம."

அவர் சொன்ன காரணம் உண்மையில்லை, பொய்யுமில்லை. மிச்சத்தை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் நாற்பத்தொரு வயது மனிதரைப் பற்றி வீட்டில் இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும் என்று நினைத்தார்.

விஷயம் இதுதான். அவருக்கு மூன்று வயதாக இருந்தபோது அப்பா வீட்டை விட்டுப் போனார். கப்பலில் வேலைக்குப் போய்விட்டார் என்று அம்மா சொன்னார். கப்பலுக்குப் பெயர் இல்லை, கடிதம் இல்லை, அதற்கு மேல் கேட்டால் அம்மாவுக்கு வேலை இருந்தது. 'அப்பா என்ன பண்றார்?' என்று பள்ளிக்கூடத்தில் கேட்கும்போதெல்லாம் அவரும், ஐந்து வயது மூத்த அக்காவும் 'கப்பல்ல இருக்கார்' என்று சொல்லிச் சொல்லி, நாளடைவில் அதில் கொஞ்சம் பெருமையும் சேர்ந்துவிட்டது. அப்பாவின் முகத்துக்கு வீட்டில் இருந்த ஒரே சாட்சி கல்யாணப் போட்டோ. அதில் பிளாஷ் வெளிச்சத்துக்கு அப்பா கண்ணை இறுக மூடியிருக்கிறார். போட்டோக்காரர் இன்னொன்று எடுக்கவில்லை.

ஆகவே கேமரா கப்பல் படங்கள் பார்த்தார். முன்னால் நின்று பேசுகிற தலைமை மாலுமிகளை அவர் சட்டை செய்வதில்லை. பின்னால் கயிறு சுருட்டுகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், சும்மா நிற்கிறவர்கள் இவர்களைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அப்படி இருநூற்றுச் சொச்சம் படம் பார்த்த பிறகு, போன வருடம், அந்த ஆள் வந்தார்.

முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய படம் அது. எங்கோ ஒரு முகத்துவாரத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் ஒரு சிறு கப்பலின் கதை. இருபத்தேழாவது நிமிடத்தில், மேல்தளத்தில் சுருட்டிவைத்த கயிற்றின்மேல் ஒருவர் உட்கார்ந்து தகர டப்பாவிலிருந்து எதையோ எடுத்துச் சாப்பிடுகிறார். தொப்பி போட்டிருக்கிறார். முகம் பாதி தெரியும், பாதி தெரியாது. சாப்பிட்டுவிட்டு, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது காதைச் சொறிகிறார். மொத்தம் பதினோரு விநாடி.

கேமராவும் அப்படித்தான் சொறிவார். "பக்கத்துல இருக்கிற கையால சொறிஞ்சா காது கோவிச்சுக்குமா?" என்று கல்யாணமான முதல் வாரமே மனைவி கேட்டிருக்கிறார். அவர் யாரையும் பார்த்துக் கற்றுக்கொண்டதாக நினைவில்லை. பார்க்காமலே வந்தால் அது ரத்தத்தில் வந்திருக்க வேண்டும். அந்தப் பதினோரு விநாடியை அவர் அறுபத்து நாலு முறை பார்த்தார். முதல் முறை அப்பாதான் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அறுபத்து நாலாவது முறை, காது சொறிகிற எவரையும் பிடித்து அப்பா என்று சொல்லிவிடலாம் போலத் தெரிந்தது.

அக்காவிடம் காட்டியிருக்கலாம். அப்பாவை எட்டு வயதுவரை பார்த்தவர். ஆனால் இங்கேதான் உத்தியோகம் குறுக்கே வந்தது. சில வருடங்களுக்கு முன் வளாகத்தின் நகைக் கடையில் ஒரு திருட்டு. நொண்டி நடந்த ஒரு ஆள்மேல் சந்தேகம் என்றார் கடைக்காரர். பதிவை ஓட்டிப் பார்த்த காவலாளிகள் மூன்று பேரும், ஆளுக்கு ஒருவராக, நொண்டி நடந்த மூன்று பேரைக் கண்டுபிடித்துத் தந்தார்கள். கேமராவும் ஒருவரைக் கண்டுபிடித்தார். கடைசியில் எடுத்தது குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு அம்மாள். வண்டியில் குழந்தை இல்லை. அன்றைக்கு அவர் ஒன்றைத் தெரிந்துகொண்டார்: என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், அதைப் பார்த்துவிடுவார்கள். 'அப்பா மாதிரி ஒருத்தர் இருக்கார், பாருக்கா' என்று சொன்னால் அக்கா தம்பிக்காக ஆமாம் என்பார், அல்லது அப்பாமேல் உள்ள கோபத்தில் இல்லை என்பார். இரண்டும் சாட்சியில்லை.

எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்காத கண் வேண்டும். அதுவும் பல ஜோடிக் கண்கள் வேண்டும். முன்பின் தெரியாதவர்களை ஒரு படம் பார்க்கவைத்து, பார்த்ததை நிமிடக் கணக்கோடு ஒப்பிக்கவைக்க மனிதர்கள் கண்டுபிடித்திருக்கும் ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான். அதற்கு மன்றம் என்று பெயர்.

'ஆவணப்பட ரசிகர்களுக்கான இணையவழிக் கலந்துரையாடல் மன்றம். வாரம் ஒரு படம். ஞாயிறு மாலை ஐந்து மணி. விருப்பமுள்ளவர்கள் இணையலாம்' என்று சமூக வலைதளத்தில் போட்டார். வாட்ஸப் குழுவில் நாற்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். இரண்டு நாள் பூப்படம் போட்ட காலை வணக்கங்கள் வந்தன. ஒருவர் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றார். இன்னொருவர், இது என்ன குழு என்று தினமும் கேட்டுக்கொண்டே இருந்து, பதில் வந்த அன்றைக்கு வெளியேறினார். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குத் திரையில் வந்து நின்றவர்கள் நாலு பேர்.

ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். பல் டாக்டர். ஒரு தையல்காரர். நாலாவது ஒரு கறுப்புப் பெட்டி. அதில் முகம் இல்லை, குரல் இல்லை, பெயருக்குப் பதில் ஒரு போனின் மாடல் எண் இருந்தது.

நேராகக் கப்பல் படத்தைக் கொடுத்தால் ஐயம் வரும் என்று கேமரா முதல் வாரம் தேனீ வளர்ப்பவர்களைப் பற்றிய படம் ஒன்றைக் கொடுத்திருந்தார். மன்றத்துக்கு விதி ஒன்றே ஒன்று என்று சொல்லி, பதிவேட்டின் சிவப்பு மை வாசகத்தை அப்படியே படித்தார். நிமிடத்தைச் சொல்ல வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும், நினைத்ததைச் சொல்லக் கூடாது.

"நினைச்சதைச் சொல்லக் கூடாதுன்னா, அப்புறம் எதுக்கு சார் கலந்துரையாடல்?" என்றார் பல் டாக்டர்.

"பார்த்ததைக் கலந்துக்கலாம் டாக்டர்."

"எல்லாரும் ஒரே படத்தைத்தானே பார்த்தோம்?"

"அப்படீன்னு நினைக்கிறீங்க," என்றார் கணக்கு டீச்சர். "நினைச்சதைச் சொல்லக் கூடாதுன்னு இப்பத்தான் சொன்னார்."

டீச்சருக்கு அந்த விதி முதல் நாளே பிடித்துவிட்டது. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளிடம் அவர் கேட்டும் கிடைக்காதது அது. டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் அடுத்த வாரமும் வந்தார். பிடிக்காத இடத்துக்கு மனிதர்கள் எவ்வளவு ஒழுங்காக வருகிறார்கள் என்பதைப் பல் டாக்டர்களைக் காட்டிலும் அறிந்தவர்கள் யார்?

இரண்டாவது வாரம் ரயில் பாதையில் பனி அள்ளுகிறவர்களைப் பற்றிய படம். டீச்சர் மண்வெட்டி வீச்சுகளை எண்ணிக்கொண்டு வந்தார். டாக்டர் பற்களைப் பார்த்திருந்தார். தையல்காரர் சட்டைகளையும், அவை யாருக்கு எடுத்த அளவில் யார் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்த்திருந்தார். இலவச இணைப்பு என்பதால் நாற்பதாவது நிமிடத்தில் அழைப்பு தானாகவே அறுந்துபோகும். பாதி வாக்கியத்தில் இருந்த டாக்டர் அத்தோடு மறைந்து, மறுபடி இணைந்து, "நான் எதுல விட்டேன்?" என்பார். யாருக்கும் தெரியாது.

இதில் ஒரு சங்கடம் நேர்ந்தது. பொய்க் காரணத்துக்காகத் தொடங்கிய மன்றத்தைக் கேமரா மெய்யாகவே நடத்த ஆரம்பித்துவிட்டார். வருகைப் பதிவு எழுதினார். யாராவது ஐந்து நிமிடம் தாமதமானால் மண்டையைக் குடைந்தது. தையல்காரர் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்தால் "நீங்க?" என்று எடுத்துக் கொடுத்தார். கறுப்புப் பெட்டியையும் ஒவ்வொரு முறையும் மரியாதைக்குக் கேட்டு, பத்து விநாடி காத்திருந்து, நன்றி சொன்னார்.

"அந்த ஆளு இருக்காரா, போனை வெச்சுட்டுப் போயிட்டாரா?" என்றார் மனைவி, கதவோரம் நின்று.

"வந்திருக்கார்னு காட்டுது."

"பார்த்ததா, நினைச்சதா?"

மூன்றாவது வாரத்துக்குக் கப்பல் படம். அதற்கு முன் அக்காவையும் சேர்க்க வேண்டும். அக்கா வேறொரு ஊரில், ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். நாள் ஒன்றுக்கு அறுநூறு படுக்கை விரிப்பு பார்ப்பவர். அம்மா அவரோடுதான் இருந்தார்.

"ஏன்டா சின்னவனே, படம் பார்த்தா பார்த்துட்டு எழுந்து போக வேண்டியதுதானே? அதுக்கு ஒரு சங்கம் வேறயா?"

"ஆள் குறையுதுக்கா. சும்மா வந்து உட்காரு."

"உட்காருறேன். ஆனா எனக்குப் பேச வராது."

பிறந்ததிலிருந்து அக்காவை அறிந்தவராதலால், அதைக் கேமரா நம்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலே முக்காலுக்கே அவர் கணினி முன் உட்கார்ந்துவிட்டார். நோட்டில் இடதுபக்கம் நிமிடம், வலதுபக்கம் சொன்னவர் என்று கோடு போட்டிருந்தார். இருபத்தேழு என்ற எண்ணை மட்டும் எழுதவில்லை. எழுதினால் அதற்கு எதிரே ஏதாவது வந்தாக வேண்டும் என்று ஆகிவிடும். பேனா எழுதுகிறதா என்று ஓரத்தில் இரண்டு முறை கிறுக்கிப் பார்த்தார்.

தையல்காரர் தொடங்கினார். "எட்டாவது நிமிஷம் சார். கேப்டன் சட்டையில மேல இருந்து ரெண்டாவது பட்டன் வேற நிறம். முப்பத்தொண்ணாவது நிமிஷத்துல சரியா இருக்கு. அதனால இது ஒரே நாள்ல எடுத்த படம் இல்ல."

"'அதனால'வுக்கு அப்புறம் வந்தது நினைச்சது," என்றார் டீச்சர்.

"சரிங்க டீச்சர். பட்டன் வேற நிறம். அவ்வளவுதான்."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "இருபத்தாறாவது நிமிஷம்."

கேமராவின் பேனா நின்றது.

"ஒரு அம்மா சிரிக்கிறாங்க. கீழ் வரிசையில முன்பல் ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு. ரொம்ப அழகு. அப்புறம்..."

"அப்புறம் டாக்டர்?"

"அப்புறம் முப்பத்து மூணு. டிக்கெட் கிழிக்கிறவருக்குப் பல் செட்டு."

இருபத்தாறிலிருந்து முப்பத்து மூன்றுக்கு ஒரு மனிதர் இவ்வளவு சுலபமாகத் தாண்டிவிட முடியும் என்பது கேமராவுக்கு விளங்கவில்லை.

டீச்சர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். "இந்தக் கரையில ஏறினது நூத்திப் பன்னெண்டு பேர். அந்தக் கரையில இறங்கினது நூத்தி ஒன்பது. மூணு தடவை எண்ணிட்டேன். மிச்சம் மூணு பேர் எங்கன்னு படம் சொல்லவே இல்ல. இவ்வளவு பெரிய விஷயத்தை எப்படி விட்டாங்க?"

கேமரா முதன்முறையாகத் தம் விதியைத் தாமே வளைத்தார். "இருபத்தாறுக்கும் முப்பதுக்கும் நடுவுல... யாராவது ஏதாவது?"

"கயிறு மேல ஒருத்தர் உட்கார்ந்து சாப்பிடறார்," என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர்! அவர்?"

"அவர் ஏறினதையும் காட்டல, இறங்கினதையும் காட்டல. அதனால கணக்குல சேர்க்கல."

கறுப்புப் பெட்டியைக் கேட்டார். பத்து விநாடி. நன்றி சொன்னார். பிறகு, குரல் மாறாமல் இருக்க இருமிக்கொண்டு, "அக்கா, நீ?" என்றார்.

அக்காவின் பெட்டியில் மேற்கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. போனை மடியில் படுக்கவைத்திருந்தார். பேச வராது என்று சொன்னவர் உண்மையிலேயே பேசவில்லை. அது கேமராவைப் பயமுறுத்தியது.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"பதினாலு," என்றார் அக்கா.

"என்ன பதினாலு?"

"பதினாலாவது நிமிஷம். ஏணிப் படியில ஏறும்போது ஒருத்தர் டிக்கெட்டை நாலா மடிச்சுக் காது மேல செருகிக்கிறார். டேய்... அது அப்பாடா."

பதினாலாவது நிமிடத்தில் யாரோ ஏறுகிறார்கள் என்பதே கேமராவுக்கு ஞாபகம் இல்லை.

"இல்லக்கா," என்றார். "இருபத்தேழு."

"எது இருபத்தேழு?"

"அப்பா. கயிறு மேல உட்கார்ந்து சாப்பிடுறவர். இப்படிச் சொறியறார் பாரு, என்னை மாதிரியே..." என்று கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினார்.

"அப்பா பஸ்ல என்னை மடியில உட்கார வெச்சுட்டு டிக்கெட்டைக் காது மேலதான்டா செருகுவார். எனக்கு ஞாபகம் இருக்கிறதே அது ஒண்ணுதான். நீ மூணு வயசுப் பையன், உனக்கு என்னடா தெரியும்?"

"அந்தக் காலத்துல யார் வேணா டிக்கெட்டைக் காதுல செருகுவாங்க."

"யார் வேணா காதையும் சொறிவாங்க."

பிறகு டாக்டர், மிகவும் பணிவாக, "மன்னிக்கணும், எனக்கு ஒண்ணுமே புரியல," என்றார். கேமராவுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. கப்பலில் போன அப்பா, கண்மூடிய போட்டோ, சொல்லிவைக்காத கண்கள் எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார். சொல்லும்போதே, தாம் அதுவரை சேர்த்துவைத்திருந்த சாட்சிகளை ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

"அப்ப இந்த மன்றம் அதுக்காகவா?" என்றார் டாக்டர். "தேனீ?"

"அது சும்மா, டாக்டர்."

"பனி?"

"அதுவும்தான்."

"ஆயிரத்து நானூத்திப் பதினாறு மண்வெட்டி எண்ணினேனே!" என்றார் டீச்சர். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. பிறகு அவரே, "சரி. ரெண்டு பேரையும் போடுங்க. பார்ப்போம்," என்றார்.

திரையைப் பகிர்ந்து கேமரா முதலில் பதினாலைப் போட்டார், பிறகு இருபத்தேழை. அக்காவின் மேற்கூரை ஒருமுறை சுழன்றது. மின்விசிறி போய், ஒரு தோளும் மடித்த துவாலை அடுக்கும் வந்தன. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான்.

"அம்மாகிட்ட எதுவும் சொல்லாதக்கா! சும்மா காட்டு!" என்று கத்தினார் கேமரா.

"இனிமே என்னத்தடா சொல்ல?"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்தார். திரை முழுவதும் ஒரு கண்ணும் பாதி மூக்கும். பதினாலைப் பார்த்தார், இருபத்தேழைப் பார்த்தார், மறுபடி பதினாலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இது ஒன்றுக்காகத்தான் மன்றம். இந்தக் கண் ஒன்றுக்காகத்தான் நாற்பத்திரண்டு பேர், தேனீ, பனி எல்லாம்.

"இது என்ன, கப்பலா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. சின்னக் கப்பல்."

"அப்ப ரெண்டு பேரும் இல்ல. உங்க அப்பா இதுலல்லாம் ஏற மாட்டாரு. தண்ணியக் கண்டாலே ஆகாது அவருக்கு. பஸ்சு பாலத்து மேல போனாலே கண்ண இறுக்கி மூடிக்குவாரு."

முப்பத்தெட்டு வருடத்தில் அப்பாவைப் பற்றி அம்மா தாமாகச் சொன்ன முதல் தகவல் அது. அதில் இருந்த கோளாறு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தெரியவில்லை. கணக்கு டீச்சருக்கு முதலில் தெரிந்தது. அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அது குடும்ப விஷயம்.

"அம்மா," என்றார் கேமரா. "கப்பல்ல வேலைக்குப் போயிட்டார்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன்."

"அப்ப?"

"நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. ஏதாச்சும் சொல்லணும்ல? அப்ப கப்பல்தான் வாயில வந்துச்சு."

"அப்ப எங்கதாம்மா போனாரு?"

அம்மா போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வாசல்ல நின்னு செருப்ப மாட்டினாரு. வலது செருப்பு வாரு அறுந்திருந்துச்சு, ஊக்கு குத்தியிருந்தாரு. மாட்டிக்கிட்டுப் போனாரு. நான் பார்த்தது அவ்வளவுதான்டா. மத்ததெல்லாம் நான் நெனைச்சது."

மன்றத்தின் விதி அம்மாவுக்குத் தெரியாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"எந்தப் பக்கம்மா போ..." என்று கேமரா தொடங்கினார். நாற்பது நிமிடம் முடிந்தது. அழைப்பு அறுந்தது.

வெறும் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். மனைவிதான் வந்து, "மறுபடி கூப்பிடுங்க, அவங்க காத்துட்டிருப்பாங்க," என்று பொத்தானை அழுத்தினார். அவர் கதவோரம் எப்போதிலிருந்து நின்றார் என்று கேமராவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால் முழுதும் கேட்டவர் போல இருந்தது. அவருக்குத் தெரிந்தால் போய்விடும் என்று பயந்திருந்த மரியாதை போனதா, கூடியதா என்பதும் அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். கறுப்புப் பெட்டி முதலில் வந்தது. அக்காவின் பெட்டியில் மறுபடி மேற்கூரை.

"அம்மா எங்கக்கா?"

"மாடியில காயிற துணி எடுக்கப் போயிட்டாங்க. கேட்டேன்டா, எந்தப் பக்கம்னு. வலது பக்கமாம்."

"வலது பக்கம் என்ன இருந்துச்சு?"

"பஸ் ஸ்டாண்டு."

"இடது பக்கம்?"

"இடது பக்கமாப் போனாலும் பஸ் ஸ்டாண்டுதான். கொஞ்சம் சுத்து."

அப்போது தையல்காரர், கை தூக்கும் பொத்தானை அழுத்தி, அது தெரியவில்லையோ என்று நிஜக் கையையும் தூக்கினார்.

"பார்த்தது ஒண்ணு சொல்லலாமா சார்? அம்மா கண்ணாடியக் கழட்டினாங்கல்ல, அப்ப இடது கையத் தலைக்குப் பின்னால கொண்டுபோய் வலது காதைச் சொறிஞ்சாங்க. உங்கள மாதிரியே."

"நானும் பார்த்தேன்," என்றார் டாக்டர், கொஞ்சம் யோசித்து.

"நான் கவனிக்கல," என்றார் அக்கா. "இவ்வளவு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன், கவனிக்கல. இருக்குமோடா?"

கேமராவுக்கும் தெரியவில்லை. பதினாறு திரைகளில் ஊரையே பார்த்தவர், அம்மா காதை எப்படிச் சொறிவார் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அது மட்டுமில்லை. இவர்கள் எல்லோரும் அவர் கையைத் தூக்கிக் காட்டிய பிறகு பார்த்தவர்கள். நொண்டி நடந்த ஆளைக் கண்டுபிடித்த காவலாளிகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அவருடைய சொந்த விதிப்படி அந்தச் சாட்சியம் செல்லாது. அதை நம்பாமல் இருக்கவும் அவரால் முடியவில்லை. நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல், நடுக்கோட்டின் மேலேயே எழுதினார்.

"அடுத்த வாரம் மன்றம் இருக்கா, இல்லையா?" என்றார் டாக்டர். "இல்லேன்னா ஞாயித்துக்கிழமை வேற பேஷன்ட்டுக்குக் குடுத்துடுவேன்."

கேமரா தாம் போட்டுவைத்திருந்த பட்டியலைப் பார்த்தார். இன்னும் ஒன்பது படங்கள். ஒன்பதும் கப்பல். இவற்றில் அப்பா இருக்க முடியாது என்று இப்போது தெரியும். அல்லது, கப்பல் என்று ஒருமுறை சொன்ன அம்மாவே கப்பல் இல்லை என்று சொல்கிறார் என்பது மட்டும் தெரியும். "யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்," என்றார்.

மறுநாள் காலை, அடித்தள அறையில் பதினாறு திரைகளுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தபோது, குழுவில் கணக்கு டீச்சரின் செய்தி வந்தது.

'பூமியில் கடல் நூற்றுக்கு எழுபத்தொன்று. நிலம் இருபத்தொன்பது. இத்தனை வருடமாக நீங்கள் தேடியது எழுபத்தொன்றில். அது முடிந்துவிட்டது. மீதி சிறிய பகுதிதான். பஸ்களைப் பற்றிய படம் ஏதாவது கைவசம் உண்டா? ஏறுபவர்களை நானும், சட்டையைத் தையல்காரரும், பல்லை டாக்டரும் பார்த்துக்கொள்கிறோம்.'

அதற்குக் கீழே அக்கா போட்டிருந்தார்: 'காதை நான் பார்த்துக்கறேன்.' அதற்கும் கீழே, மூன்று வாரத்தில் முதன்முறையாக, கறுப்புப் பெட்டியிடமிருந்து ஒரு கட்டைவிரல்.

அந்தக் கணக்கு சரியா தவறா என்று கேமராவால் சொல்ல முடியவில்லை. கடலில் யாரும் குடியிருப்பதில்லை என்பதை டீச்சர் கணக்கில் சேர்த்தாரா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. 'பஸ் டிப்போ பற்றி ஒன்று இருக்கிறது. ஐம்பத்திரண்டு நிமிடம்' என்று தட்டச்சு செய்தார். மூன்றாவது மாடித் திரையில் யாரோ ஆடும் டைல்ஸில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தார். வயதானவர். வலது செருப்பில் ஊக்கு இருக்கிறதா என்று கேமரா திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு பதிவேட்டை எடுத்து, 'காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம்: ஒருவர் திரும்பிப் பார்த்தார்' என்று எழுதினார்.